டிஷ் நின்றுபோகுமா? கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

டிஷ் மாட்டி, ரீசார்ஜ் போட்டு, ஐப்பசி மழையில் ஏணியோடு அலைந்து பிழைக்கிற கடை எங்களுடையது. முன்பெல்லாம் "சன் டிவி எந்தப் பேக்கில் வரும்?" என்று கேட்டு வருவார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் பணத்தைக் கையில் பிடித்தபடியே, "இந்தக் கம்பெனி இருக்குமாண்ணே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேள்விகளையும் பதில்களையும் எழுதிவைத்துவிட்டேன். நான்கு கம்பெனி டிஷ்ஷும் விற்றவன் நான். யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

என் டிஷ் கம்பெனியை மூடப்போகிறார்களா?

இன்றைக்குக் கட்டண டிஷ் சேவை நடத்துகிறவர்கள் நான்கு பேர்: டாடா பிளே, ஏர்டெல் டிஜிட்டல் டிவி, சன் டைரக்ட், டிஷ் டிவி. டி2எச் என்பது டிஷ் டிவியின் கையில்தான் இருக்கிறது. இவர்களில் யாரும் மூடப்போவதாக அறிவிக்கவில்லை. வாட்சாப்பில் "அடுத்த மாதத்தோடு சரி" என்று சுற்றுகிற செய்திக்கு ஆதாரம் ஏதுமில்லை.

ஆனால் பயம் காரணமில்லாமல் வரவில்லை. டிவி, போன் சேவைகளுக்கு விதி போடும் டிராய் ஆணையம் வெளியிடும் கணக்கில், பணம் கட்டி டிஷ் பார்க்கிற இணைப்புகள் 2020 டிசம்பரில் சுமார் 7 கோடியே 10 லட்சம். 2025 மார்ச்சில் அது 5 கோடியே 69 லட்சம். நாலு வருடத்தில் ஐந்தில் ஒரு வீடு போய்விட்டது. எங்கள் தெருவில் மொட்டைமாடிகளை எண்ணிப் பார்த்தாலும் அதே கதைதான்: டிஷ் இருக்கிறது, அதிலிருந்து இறங்குகிற ஒயர் அறுந்து தொங்குகிறது.

ஒரே இரவில் கரண்ட் போவதுபோல் டிஷ் போகாது என்பது என் எண்ணம். குளம் வற்றுவதுபோல் வற்றும். முதலில் ஓரம் காயும். அந்த ஓரத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அப்படி என்னதான் ஆயிற்று? நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?

2003 அக்டோபரில் டிஷ் டிவி வந்தபோது கேபிள் இல்லாத கிராமத்துக்கு அது ஒரு வரம். 2006இல் டாடா ஸ்கை வந்தது, அதுதான் இப்போதைய டாடா பிளே. 2007 கடைசியில் சன் டைரக்ட், 2008இல் ரிலையன்ஸ் பிக் டிவியும் ஏர்டெல்லும், அடுத்த வருடம் வீடியோகான் டி2எச் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆறு பேர் அடித்துக்கொண்ட போட்டியில் பாக்ஸை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். அந்த நஷ்டத்தை மாதச் சந்தாவில் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. ஒரு வாடிக்கையாளர் பத்து வருடம் தங்கினால் கணக்கு சரிப்படும். இரண்டு வருடத்தில் கம்பெனி மாறிப்போனால் சரிப்படாது. நம் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் டிராயின் புதுக் கட்டண முறை வந்தது. சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அதற்கு மேல், எதுவும் பார்க்காவிட்டாலும் இணைப்புக்கென்று 130 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. வேண்டிய சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் அன்று கடைக்கு வந்த பெரியவர்கள் பட்டியலைப் பார்த்து மலைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பலருக்குப் பில் ஏறத்தான் செய்தது.

அதே நேரத்தில் ஒரு பக்கம் செல்போன் டேட்டா மலிவாகிவிட்டது, மறுபக்கம் மாதச் சந்தாவே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் கிராமம் கிராமமாகப் பரவியது. 2023இல் ஐபிஎல் முழுவதையும் ஜியோசினிமாவில் காசில்லாமல் காட்டினார்கள். கிரிக்கெட்டுக்காகவே டிஷ் வைத்திருந்த இளவட்டங்கள் அந்தக் கோடையிலேயே ரீசார்ஜை நிறுத்தினார்கள். திரும்பி வந்தவர்கள் சொற்பம். இன்றைக்கு டிஷ்ஷை நம்பி இருப்பவர்கள் யாரென்றால் சீரியல் பார்க்கும் வீடு, வைஃபை எட்டாத ஊர், ரிமோட்டில் மூன்று பட்டன் மட்டும் தெரிந்த தாத்தா பாட்டி.

டிஷ் டிவி நாலாயிரம் கோடி பாக்கி வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டிஷ் கம்பெனிகள் அரசுக்கு உரிமக் கட்டணம் கட்டுகின்றன. முதலில் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்று இருந்தது. 2020 டிசம்பரில் விதியை மாற்றி, சில கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 8 சதவீதம் என்றார்கள். எது வருமானம், எதைக் கழிக்கலாம் என்பதில்தான் ஆரம்பத்திலிருந்தே தகராறு. அதே 2020 டிசம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் டிஷ் டிவியிடம் வட்டியோடு சேர்த்து 4,164 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனி அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஆக, அது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வாடகைக்கு வழக்காடுகிற மாதிரியான பாக்கி. தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து இருக்கிறது.

அது தவிர வீட்டுக்குள்ளேயும் சண்டை நடந்தது. டிஷ் டிவியை நடத்திவந்த எஸ்ஸெல் குழுமம் கடனுக்கு அடகு வைத்த பங்குகள் மூலம் கம்பெனியில் ஏறக்குறைய கால் பங்கு யெஸ் வங்கியின் கைக்குப் போனது. நிர்வாகக் குழுவில் யார் இருப்பது என்று இரு தரப்பும் மோதி, 2022 செப்டம்பரில் தலைவர் ஜவாஹர் கோயல் பதவியை விட்டார்.

தணிக்கையாளர்கள், "இந்நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை உள்ளது" என்ற பொருளில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இது சாவு ஓலை அல்ல. சொத்தைவிடக் கடன் அதிகமாக இருக்கும்போது எழுதியாக வேண்டிய எச்சரிக்கை. இப்படிக் குறிப்பு வாங்கிப் பல வருடம் ஓடிய கம்பெனிகளும் உண்டு, ஓடாதவையும் உண்டு. நீங்கள் டிஷ் டிவியோ டி2எச்சோ வைத்திருந்தால் பாக்ஸைக் கழற்றி எறிய வேண்டாம். ஆனால் வருடக் கணக்கில் முன்பணமும் கட்ட வேண்டாம்.

உரிமக் கட்டணத்தில் கம்பெனிகள் பக்கம் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கேபிள்காரர் இதைக் கட்டுவதில்லை, ஃப்ரீ டிஷ் கட்டுவதில்லை, செல்போன் ஆப்பும் கட்டுவதில்லை. டிராயே 2023 ஆகஸ்டில் இதை 3 சதவீதமாகக் குறைத்து, மூன்று வருடத்தில் சுத்தமாக எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது.

லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டால் ஒளிபரப்பு நிற்குமா?

முதல் டிஷ் உரிமம் 10 வருடத்துக்கானது, 2013இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு பல வருடம் தற்காலிக நீட்டிப்பிலேயே ஓடியது. உங்கள் வீட்டில் ஒரு நாளாவது படம் நின்றதா? 2020இல் வந்த விதிப்படி உரிமம் இனி 20 வருடத்துக்கு. இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பெனியை வேறு யாராவது வாங்கினால் என் பாக்ஸ் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 2018 மார்ச்சில் வீடியோகான் டி2எச், டிஷ் டிவியோடு இணைந்தது. டி2எச் பாக்ஸ் வைத்திருந்தவர்கள் மறுநாளும் அதே ரிமோட்டில் அதே படத்தைத்தான் பார்த்தார்கள். டி2எச் என்ற பெயரைக்கூட மாற்றவில்லை. காரணம் எளிது. ஒரு கம்பெனி டிஷ் ஒரு சாட்டிலைட்டைப் பார்த்து நிற்கிறது, இன்னொன்று வேறு சாட்டிலைட்டை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமானால் கோடிக்கணக்கான மாடிகளில் ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், பாக்ஸையும் மாற்ற வேண்டும். வாங்கினவருக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் பழையதைப் பழையபடியே ஓட்டுவார்கள்.

டாடா பிளேயும் ஏர்டெல்லும் சேரப்போவதாக 2025 பிப்ரவரியில் வந்த செய்தி பொய்யில்லை. பேச்சு நடப்பதாக ஏர்டெல்லே சொன்னது. மே மாதம் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் இதே கூத்துதான். 2024 செப்டம்பரில் டைரக்டிவி என்ற கம்பெனி அங்குள்ள டிஷ் என்ற போட்டிக் கம்பெனியை (நம் டிஷ் டிவி அல்ல), கடனை ஏற்றுக்கொண்டு வெறும் ஒரு டாலருக்கு வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது. கடன் கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளாமல் நவம்பரில் அதுவும் கலைந்தது. கல்யாணப் பேச்சு எத்தனை முறை முறிந்தாலும் மறுபடி வரும், ஏனென்றால் தனியாக இருக்கிற வசதி இனி யாருக்கும் இல்லை.

மொத்தமாகக் காணாமல்போன டிஷ் கம்பெனி ஏதாவது உண்டா?

உண்டு, ரிலையன்ஸ் பிக் டிவி. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதி குறையும்.

2008இல் தொடங்கிய சேவை. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கடனில் மூழ்கியபோது, 2017 நவம்பர் 18 அன்று உரிமம் முடிவதோடு டிஷ் வியாபாரத்தையும் மூடுவதாக அறிவித்தார்கள். அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பு பான்டெல், வீகான் என்ற இரண்டு நிறுவனங்கள் வாங்கிக்கொள்வதாகச் செய்தி வந்தது. சுமார் 12 லட்சம் வாடிக்கையாளருக்குச் சேவை தடைபடாது என்றார்கள். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

புது முதலாளிகள் 2018 தொடக்கத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். 499 ரூபாய் கட்டி முன்பதிவு செய்யுங்கள், பாக்ஸ் வரும்போது 1,500 ரூபாய் கொடுங்கள், இலவசச் சேனல்கள் ஐந்து வருடத்துக்கு, கட்டணச் சேனல்கள் ஒரு வருடத்துக்கு, தனிக்காசு வேண்டாம் என்றார்கள். எந்தக் கம்பெனிக்கும் கட்டாத விலை. பிறகு பெயரை இண்டிபென்டன்ட் டிவி என்று மாற்றினார்கள். 2019இல் அதுவும் நின்றுபோனது. ஐந்து வருடம் என்று சொன்னது இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

மூடப்போகிறோம் என்று அறிவித்தபோது யாரும் பெரிதாக ஏமாறவில்லை, தேதி சொன்னார்கள், வேறு வழி பார்க்க நேரமும் இருந்தது. காப்பாற்றிவிட்டோம் என்று அறிவித்த பிறகு முன்பணம் கட்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இது எனக்கு இன்றுவரை உறுத்துகிற விஷயம்.

வருடப் பேக் போட்டால் ஒரு மாதம் இலவசம் என்கிறார்கள். போடலாமா?

நான் விற்கிறவன். வருடப் பேக் போட்டால் எனக்கும் கமிஷன் கூட. இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம்.

மாதம் 300 ரூபாய் பேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மாதப் பணம் 3,300 கட்டினால் பன்னிரண்டாவது மாதம் இலவசம். மிச்சம் 300. நாலாவது மாதம் ஏதாவது ஆனால் போவது இரண்டாயிரத்துக்கு மேல். முந்நூறு ரூபாய்க்காக அவ்வளவு பணத்தை ஊர் பேர் தெரியாத சர்வரில் வைப்பதற்கு, சீட்டுக் கட்டுகிற நம் ஊர்க்காரரை நம்பலாம். அவர் வீடாவது தெரியும். ரொம்ப அலைய முடியாதவர்கள் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கம்பெனி நன்றாக இருந்து, வீட்டில் வைஃபை வந்து, உங்களுக்கே டிஷ் வேண்டாமென்று ஆனாலும் மீதிப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

மூடப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் டிவித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரை கடைசியில்தான் கறுக்கும். அதற்கு முன்பே ஆள் மறைந்துவிடுவார்கள்.

எங்கள் அனுபவத்தில் முதல் அடையாளம் மெக்கானிக். காலையில் புகார் கொடுத்தால் சாயங்காலம் வந்தவர், மூன்று நாள் ஆக்குவார். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் "அந்தக் கம்பெனி வேலையை விட்டுட்டேண்ணே, இப்ப சிசிடிவி மாட்டுறேன்" என்பார். நல்ல மெக்கானிக்குக் கம்பெனி நிலவரம் பங்குச் சந்தைக்கு முன்னால் தெரிந்துவிடும், ஏனென்றால் அவருக்கு வர வேண்டிய கூலிதான் முதலில் நிற்கும். உங்கள் டிஷ்ஷை மாட்டினவரிடம் "இப்ப எந்தக் கம்பெனி வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நூறு செய்திக்கு அந்த ஒரு பதில் சமம்.

அடுத்தது உதிரிப் பொருள். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியைக் கேட்டால் வேறு கம்பெனி எல்என்பியைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். ரிமோட் கிடைக்காது. பாக்ஸ் பழுதானால் புதிதுக்குப் பதில் யாரோ ஒருவருடைய பழைய பாக்ஸ் வரும். கஸ்டமர் கேரில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவார்கள்.

மூன்றாவதாக நான் கவனிப்பது தள்ளுபடி. போகிற வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க ஒரு மாதம் இரண்டு மாதம் இலவசம் தருவது சாதாரணம். ஆனால் நீண்ட காலப் பேக்குக்கு மட்டும் நம்ப முடியாத தள்ளுபடி வந்தால், அவர்களுக்கு இன்றைக்குக் கையில் காசு வேண்டும் என்று அர்த்தம். பிக் டிவி 499 ரூபாய் கேட்டதும் அப்படித்தான் என்பது என் ஊகம்.

திடீரென்று பிடித்த சேனல் போய்விட்டது. கம்பெனி முடிந்ததா?

இல்லை. அது சேனல்காரருக்கும் டிஷ் கம்பெனிக்கும் விலைத் தகராறு. 2018 அக்டோபரில் டாடா ஸ்கையில் சோனி சேனல்கள் போனது அப்படித்தான். அதனால் டாடா ஸ்கை போய்விடவில்லை. இப்படி நிறுத்துவதற்கு முன் மூன்று வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. திரையின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் எழுத்து ஓடுமே, அதில் பாதி இந்தச் சண்டைதான். யார் முதலில் இறங்கி வருவார் என்று பார்க்க நம்மை நடுவில் நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் சில நாளில் திரும்பி வரும். ஒரு சேனல் போனால் சண்டை. எல்லா மொழிச் சேனலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனால் அது வேறு கதை.

சாட்டிலைட்டே கெட்டுப்போனால்?

அதுவும் நடந்திருக்கிறது, அதுவும் நம் ஊரில். 2010 ஜூலை 7ஆம் தேதி இன்சாட்-4பி சாட்டிலைட்டில் மின்சாரக் கோளாறு. சூரியத் தகடு ஒன்றிலிருந்து வர வேண்டிய மின்சாரம் குறைந்ததால், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 24 டிரான்ஸ்பான்டரில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் அந்தச் சாட்டிலைட்டில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் மலேசியாவின் மீசாட்-3க்கு மாறினார்கள். இன்சாட் இருந்தது 93.5 டிகிரி கிழக்கில், மீசாட் 91.5 டிகிரியில். வித்தியாசம் இரண்டே டிகிரி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு டிகிரிக்காக ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஏறி டிஷ்ஷை மெல்ல நகர்த்தி நட்டை முடுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் அந்த வருடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கம்பெனி அதையும் தாண்டி நிற்கிறது.

சாட்டிலைட்டுக்கு ஆயுள் சுமார் 15 வருடம். அதற்குள் அடுத்ததற்கு ஏற்பாடு செய்கிற கம்பெனி, தொழிலில் தொடர்ந்து இருக்க நினைக்கிறது என்று கொள்ளலாம். 2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-24 முழுவதையும் டாடா பிளே குத்தகைக்கு எடுத்திருக்கிறது. வாட்சாப் செய்தியைவிட இப்படிப்பட்ட செலவைத்தான் நான் நம்புவேன்.

என் பாக்ஸை வேறு கம்பெனிக்குப் பயன்படுத்த முடியுமா?

முடியாது. சிம் மாற்றுவதுபோல் கம்பெனி மாற்றும் வசதி வர வேண்டும் என்று டிராய் 2020இலேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நம் வீட்டு ஹாலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் டிஷ்ஷைத் திருப்பிப் பயன்படுத்தலாம். சாதாரண 60 செ.மீ. டிஷ்ஷும் எல்என்பியும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. சென்னையிலிருந்து பார்த்தால் டாடா பிளேயின் 83 டிகிரி சாட்டிலைட் ஏறக்குறைய நேர் தெற்கில், உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷின் 93.5 டிகிரி தென்கிழக்கில். திருப்பி, சிக்னல் பிடித்து, நட்டை இறுக்க விவரம் தெரிந்த ஆளுக்கு அரை மணி நேரம் போதும். அதனால் கம்பெனி மாறும்போது "புது டிஷ் கட்டாயம்" என்று தனியாகக் காசு கேட்டால், ஏன் என்று கேளுங்கள். துரு ஏறிப் போயிருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதக் காசே இல்லாத ஃப்ரீ டிஷ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் தொடங்கியது. தூர்தர்ஷனை நடத்தும் அரசு அமைப்பான பிரசார் பாரதி நடத்துவதால் கம்பெனி ஓடிப்போகுமோ என்ற கவலை கிடையாது. பாக்ஸ் ஒருமுறை வாங்கினால் சரி. வட இந்தியாவில் அது கொடிகட்டிப் பறக்கக் காரணம், இந்திச் சேனல்கள் ஏராளம். நமக்கு டிடி தமிழ் வரும், அதாவது பழைய பொதிகை. சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் வராது. சாயங்காலம் சீரியல் இல்லாமல் வீட்டில் சமாதானம் நிலைக்குமா என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாவது டிவிக்கு, தோட்டத்து வீட்டுக்கு, பண்ணைக் காவல்காரருக்கு அருமையான பொருள்.

பேசாமல் கேபிளுக்கே திரும்பிவிடலாமா?

தெருவில் நல்ல கேபிள்காரர் இருந்தால் தாராளமாக. பழுதானால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம், அதைவிடப் பெரிய கஸ்டமர் கேர் எது? 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது டிஷ்ஷைக் கழற்றியவர்கள் உண்டு.

ஆனால் கேபிள் என்றால் பயமே இல்லை என்று எண்ண வேண்டாம். 2022 நவம்பரில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றன. மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு வந்த தகராறுதான் காரணம் என்றார்கள். பாக்ஸ் என்று ஒன்று இருக்கும்வரை, அதை எங்கிருந்தோ ஒருவர் அணைக்க முடியும். டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் இதில் வித்தியாசமில்லை.

வைஃபை போட்டு அதிலேயே பார்த்தால் என்ன?

நகரத்தில் இருந்தால், வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இருந்தால், அதுதான் போகிற வழி. கம்பெனிகளே அங்கேதான் போகின்றன. ஏர்டெல் 2025 மார்ச்சில் ஃபைபர் வழியாக டிவி தர ஆரம்பித்தது. பிஎஸ்என்எல் தன் ஃபைபர் டிவியை முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று.

மழையில் சிக்னல் போகிறது என்று டிஷ்ஷைத் திட்டுகிறோம். ஃபைபரிலும் ரோடு தோண்டுகிறவர் கடப்பாரை போட்டால் டிவி, போன், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஒன்றாகப் போகும். மலையடிவாரத்திலோ கடலோரக் குப்பத்திலோ வயல் நடுவிலோ இருக்கிறவர்கள் டிஷ்ஷை இப்போதைக்கு விட வேண்டாம். புயல் சமயத்தில் எங்கள் பக்கம் முதலில் திரும்பி வருவது டிஷ்தான். கரண்ட் வந்தால் போதும், படம் வந்துவிடும்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். நான் வெளியூரிலிருந்து ரீசார்ஜ் போடுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

பதிவான செல் நம்பர் யாருடையது என்று பாருங்கள். மாட்டிய மெக்கானிக்கின் நம்பரிலோ, எப்போதோ தொலைந்த நம்பரிலோ இருந்தால் கம்பெனி அனுப்புகிற எந்தத் தகவலும் உங்களுக்கு வராது. வாடிக்கையாளர் எண்ணை பாக்ஸின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

கம்பெனி மூடப்போகிறது என்ற வதந்தி பரவுகிற காலத்தில் திருட்டுப் போனும் கூடும். "உங்க பாக்ஸ் நாளைக்கு பிளாக் ஆயிடும்மா, பத்து ரூபா கட்டி ஓடிபி சொல்லுங்க" என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். போனில் யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். ரீசார்ஜைப் பிள்ளைதான் பார்க்கிறான் என்று சொல்லிப் போனை வைக்கச் சொல்லுங்கள்.

பணம் மாட்டிக்கொண்டால் எங்கே புகார் செய்வது?

முதலில் கம்பெனியின் கஸ்டமர் கேர். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அங்கே தீராவிட்டால் அவர்களுடைய நோடல் அதிகாரி, அதாவது கஸ்டமர் கேருக்கு மேலே புகாரைப் பார்க்கிறவர். டிராய் விதி போடுகிற இடமே தவிர, தனி ஆளின் புகாரை விசாரிக்காது. பலர் அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதற்குப் பதில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடையில் கொடுத்த ரசீது, ரீசார்ஜ் குறுஞ்செய்தி, திரையில் வந்த பிழைச் செய்தியின் போட்டோ மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். இங்கே பலர் வீட்டில் இந்திய டிஷ்தான். எங்களுக்கு என்ன வழி?

சாட்டிலைட்டின் வீச்சு கடலைத் தாண்டி உங்கள் கூரைக்கும் விழுகிறது, ஆனால் இந்தக் கம்பெனிகளின் உரிமம் இந்தியாவுக்குள் மட்டும்தான். இணைப்பு பெரும்பாலும் இந்திய முகவரியில், வேறு யாருடைய பெயரிலோ இருக்கும். ஏதாவது ஆனால் கஸ்டமர் கேரிடம் உரிமையோடு கேட்க முடியாது. உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ரீசார்ஜ் போடுகிற ஆள் மட்டும்தான். அதனால் எங்களுக்குச் சொன்னதை உங்களுக்கு இரண்டு மடங்காகச் சொல்கிறேன்: ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கழற்றிய பழைய பாக்ஸை என்ன செய்வது?

வாடகைப் பாக்ஸா, சொந்தப் பாக்ஸா என்று ரசீதைப் பாருங்கள். வாடகை என்றால் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தம் என்றால் மின்கழிவு எடுக்கிறவரிடம் போடலாம். ஆனால் அடாப்டரையும் எச்டிஎம்ஐ ஒயரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒயரைத் தனியாக வாங்க நாளைக்கு என் கடைக்கே வருவீர்கள்.